திருத்தங்களுக்கு ஒரு நாளேடு: தொடக்க நிலைக் கணினி மாணவர்க்குக் 'கிட்' முறை

கணக்கெழுதும் முறையை நன்கு பயின்றவர், பேரேட்டில் பிழை நேர்ந்துவிட்டால் அதனைச் சுரண்டி அழிப்பதில்லை. பிழையான பதிவை அவ்வாறே விட்டு, அதனை நேர்செய்யும் எதிர்ப்பதிவு ஒன்றைத் தேதியுடனும் காரணத்துடனும் எழுதி வைப்பர். அழித்தெழுதிய கணக்கை ஒருவரும் நம்பார். கணினிக்கு நிரல் எழுதும் தொழிலிலும் இத்தகைய நாளேடு ஒன்று உண்டு. அதற்குப் 'பதிப்புக் கட்டுப்பாடு' என்று பெயர். நிரலில் எப்போது, எவரால், எக்காரணம் பற்றி, எவ்விடத்தில் மாற்றம் செய்யப்பட்டது என்பதை வரிசையாகக் குறித்து வைத்து, வேண்டும்போது பழைய நிலையை மீட்டுத் தரும் முறையே அது. நிரல் எழுதப் பழகும் மாணவர் பலர் இதனைப் பெரும்பாலும் ஒரு முறை தம் உழைப்பை இழந்த பின்னரே அறிகின்றனர். முதல் வாரத்திலேயே இதனைக் கற்பித்தல் கூடும், கற்பித்தலும் வேண்டும். கணினியும் நேரமும் குறைவாயுள்ள இடங்களில் இதன் தேவை இன்னும் மிகுதி.

தாராவியில் ஒரு முயற்சி

மும்பையில் மாஹிம் கழிமுகத்தை ஒட்டி, இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்பில் அமைந்தது தாராவி. தோற்பொருள் செய்தல், மட்பாண்டம் வனைதல், ஆடை தைத்தல், கழிவுப் பொருள்களைப் பிரித்து மீண்டும் பயன்படச் செய்தல் ஆகிய தொழில்கள் அங்கே நெருங்கி நடைபெறுகின்றன. திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து சென்று தலைமுறை தலைமுறையாக அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களும் பல.

இத்தாராவியைப் பற்றி ஆவணப் படம் எடுத்த நவநீத் ரஞ்சன் என்பவர், 2014-ஆம் ஆண்டில் 'தாராவி டைரி' என்னும் பெயரால் அங்குள்ள சிறுமியர்க்குக் கணினிப் பயிற்சி தொடங்கினார். முன்பு நிரல் எழுதி அறியாத அச்சிறுமியர், தம் தெருவில் கண்ட இடர்களுக்குத் தாமே கைப்பேசிச் செயலிகளை அமைத்தனர். அவற்றுள் 'பானி' என்பது பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் முறையை ஒழுங்குபடுத்தி, தம் முறை வந்ததை வீட்டிலிருப்போர்க்கு அறிவிக்கும் நோக்குடையது. 'விமன் ஃபைட் பேக்' என்பது ஆபத்து நேரும்போது பெண்கள் ஒலியெழுப்பவும், தாம் இருக்கும் இடத்தை வேண்டியவர்க்குச் செய்தியாக அனுப்பவும் உதவுவது. 'பதாய்' என்பது மொழியும் கணக்கும் பயில்வதற்கானது.

இவற்றை அமைக்க அவர்கள் கையாண்ட கருவி 'ஆப் இன்வென்டர்' ஆகும். 2010-இல் கூகிள் நிறுவனத்தில் தோன்றி, 2012 முதல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தால் நடத்தப்பெற்று வரும் இக்கருவியில், கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டுவதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்துவதே நிரல் எழுதுவதாகிறது. தொடக்க மாணவர்க்கு இது எளிய வழி. எனினும் எவ்வழியில் எழுதினும், நிரலின் இயல்பான இடர் ஒன்று உண்டு. அதிலிருந்து தப்பியவர் எவருமில்லர்.

இடர் எவ்வாறு நேர்கிறது?

எடுத்துக்காட்டாக, நால்வர் கொண்ட மாணவியர் குழுவொன்று ஒரே கணினியில் வேலை செய்வதாகக் கொள்ளலாம். திங்கட்கிழமை மாலை தண்ணீர் வரிசைச் செயலி நன்கு இயங்கிற்று. செவ்வாயன்று அவர்களுள் ஒருத்தி, இரு வீட்டார் ஒரே நேரத்தில் பெயர் கொடுத்தால் யாருக்கு முதலிடம் என்பதைத் தீர்க்க மூன்று இடங்களில் மாற்றம் செய்கிறாள். புதனன்று வரும் மற்றொருத்தி செயலியைத் திறந்தால் அது இயங்கவில்லை. முந்தைய நாள் என்ன மாறிற்று என்பது அவளுக்குத் தெரியாது. மாற்றியவளுக்கும் மூன்று இடங்களுள் இரண்டே நினைவில் நிற்கின்றன. திங்கட்கிழமை நிலைக்குத் திரும்ப வழியில்லை.

இதற்குப் பலரும் காணும் மாற்று, கோப்புகளைப் படியெடுத்து வைப்பதாகும். 'இறுதி', 'இறுதி இரண்டு', 'உண்மையான இறுதி' என்று கோப்புகள் பெருகும். சில நாள் கழிந்தால் எது முந்தியது, எது பிந்தியது, எதில் என்ன வேறுபாடு என்பதை ஒருவரும் சொல்ல இயலாது. இதனினும் பெரிய தீங்கு மாணவர் மனத்தில் நேர்வது. இயங்கும் நிரலைத் தொட்டால் கெட்டுவிடும் என்ற அச்சம் தோன்றிவிடுகிறது. தவறு செய்து பார்த்தே கற்க வேண்டிய ஒரு கலையில், தவறு செய்ய அஞ்சும் மாணவர் மேலே செல்வதில்லை.

முறை வளர்ந்த வரலாறு

பெருந்தொழிலாளரும் இவ்விடரைப் பட்டே இம்முறையைக் கண்டனர். 1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர், நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் 'எஸ்.சி.சி.எஸ்.' என்னும் கருவியை இயற்றினார். 1982-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் டிக்கி 'ஆர்.சி.எஸ்.' என்னும் கருவியை அளித்தார். இவற்றில் ஒரு கோப்பை ஒருவர் எடுத்துத் திருத்தும்போது ஏனையோர் காத்திருத்தல் வழக்கம்.

ஆம்ஸ்டர்டாம் நகரில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர் தம் மாணவர் இருவருடன் ஒரு நிரலை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் பகலில் ஒழுங்காக வேலை செய்பவர். மற்றவர் நேரம் வரையறையில்லாதவர். ஆசிரியர்க்கோ மாலை நேரமே வாய்த்தது. ஒருவர்க்காக ஒருவர் காத்திராமல் மூவரும் தத்தம் நேரத்தில் உழைத்துப் பின்னர் ஒன்று சேர்க்க வேண்டும் என்ற தேவையிலிருந்தே 'சி.வி.எஸ்.' பிறந்து, 1986-இல் வெளியாயிற்று. பள்ளிக்கும் வீட்டு வேலைக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் கணினியின் முன் அமரும் மாணவியர் குழுவின் தேவையும் இதுவே அன்றோ!

இன்று உலகில் மிகப் பரவலாக வழங்குவது 'கிட்' என்னும் கருவி. லினக்ஸ் இயக்கத் தொகுதியை எழுதுவோர், தாம் அதுகாறும் விலையின்றிப் பயன்படுத்தி வந்த 'பிட்கீப்பர்' என்னும் தனியார் கருவியை அவ்வாறு பயன்படுத்த இயலாத நிலை 2005-இல் ஏற்பட்டது. உடனே லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் மாதத்தில் சில நாட்களிலேயே 'கிட்' கருவியின் முதல் வடிவத்தை எழுதினார். அவ்வாண்டு ஜூலை முதல் ஜூனியோ ஹமானோ அதனைப் பேணி வளர்த்து வருகிறார். விலையின்றிக் கிடைப்பதும், எவரும் ஆராய்ந்து திருத்தக் கூடியதுமான கட்டற்ற மென்பொருள் இது. பழைய கணினியிலும் இயங்கும். இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் இதன் அன்றாடப் பணிகள் தடையின்றி நடைபெறும். முழு வரலாறும் மாணவரின் கணினியிலேயே இருப்பது அதற்குக் காரணம்.

'கிட்' வேலை செய்யும் விதம்

மாணவர் ஒரு கோப்புறையைக் 'கிட்' பார்வையில் வைத்தவுடன், அதனுள் மறைவான உட்புறை ஒன்று தோன்றுகிறது. இதுவே களஞ்சியம். மாணவர் பதிவு செய்யுமாறு பணிக்கும் ஒவ்வொரு முறையும், தெரிந்தெடுத்த கோப்புகளின் அந்நேரத்து நிலை இக்களஞ்சியத்தில் வைக்கப்படுகிறது. இப்பதிவுக்குக் 'கமிட்' என்று பெயர். அதில் பதிவு செய்தவர் பெயர், நாள், நேரம், காரணம் கூறும் குறிப்பு, முந்தைய பதிவு எது என்பது ஆகியவை அடங்கும். மாறாத கோப்பை மறுபடியும் சேமிப்பதில்லை. ஆதலின் இடமும் வீணாவதில்லை.

ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் அடையாளம் ஒன்று உண்டு. எண்களும் எழுத்துகளும் கலந்த 40 குறிகள் கொண்டது அது. சிறிய களஞ்சியத்தில் முதல் ஏழு குறிகளே போதும். உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினும் அடையாளம் முற்றிலும் மாறிவிடும். ஒவ்வொரு பதிவும் தன் முந்தைய பதிவின் அடையாளத்தைத் தன்னுள் கொண்டிருத்தலால், பழைய பதிவு ஒன்றை மாற்றினால் அதன் பின் வந்தவை அனைத்தின் அடையாளமும் மாறும். எனவே பழைய ஏட்டை ஒருவர் அறியாமல் திருத்திவிட இயலாது.

கருவியை அமைத்தல்

விண்டோஸ் கணினிக்கு 'கிட் ஃபார் விண்டோஸ்' என்ற தொகுப்பை நிறுவுதல் வேண்டும். லினக்ஸ் கணினிகளில் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே அதனைப் பெறலாம். ஒரு முறை இறக்கிய தொகுப்பைப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், இணையம் இல்லாத கணினிகளிலும் நிறுவலாம். கட்டளைகள் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யப்படுவன. அவற்றின் ஒலிப்பு இங்கே தரப்படுகிறது.

முதலில் 'கிட் கான்ஃபிக்' என்னும் கட்டளையால் மாணவரின் பெயரையும் மின்னஞ்சலையும் குறிக்க வேண்டும். பின்னர்க் கோப்புறையுள் சென்று 'கிட் இனிட்' என்று இட்டால் களஞ்சியம் தோன்றும். அதன் பின் அன்றாடம் வேண்டுவன ஐந்து கட்டளைகளே. 'கிட் ஸ்டேட்டஸ்' எவை மாறியுள்ளன என்று காட்டும். 'கிட் டிஃப்' மாறிய வரிகளைப் பழையதும் புதியதுமாக எடுத்துக்காட்டும். 'கிட் ஆட்' பதிவுக்குரிய கோப்புகளைத் தெரிந்தெடுக்கும். 'கிட் கமிட்' குறிப்புடன் பதிவு செய்யும். 'கிட் லாக்' இதுகாறும் நிகழ்ந்த பதிவுகளை வரிசையாகக் காட்டும்.

கோப்பைக் கெடுத்துவிட்ட மாணவர், 'கிட் ரிஸ்டோர்' என்னும் கட்டளையால் அதனை முந்தைய நிலைக்குக் கொணரலாம். ஆனால் பதிவு செய்யாத திருத்தங்கள் இக்கட்டளையால் மறைந்துவிடும்; ஆதலின் முதலில் 'கிட் டிஃப்' இட்டுப் பார்த்தல் நன்று. ஏற்கெனவே பதிவு செய்துவிட்ட பிழையைப் போக்குவதற்கு 'கிட் ரிவர்ட்' உண்டு. அது பழைய பதிவை அழிப்பதில்லை. அதன் விளைவை நீக்கும் புதிய பதிவு ஒன்றைச் சேர்க்கிறது. கணக்கரின் எதிர்ப்பதிவு போன்றதே இது. புதிய எண்ணம் ஒன்றைச் சோதிக்க விரும்புவோர் 'கிளை' ஒன்றைப் பிரித்து அதில் உழைக்கலாம். எண்ணம் பலித்தால் கிளையை மூலத்துடன் இணைக்கலாம், பலிக்காவிடில் விட்டுவிடலாம், மூலத்திற்கு ஊறில்லை.

குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம். 'மாற்றம் செய்தேன்' என்று எழுதுவதால் பயனில்லை. மாற்றம் நேர்ந்தது என்பதைக் கருவியே சொல்லும். 'ஒரே நேரத்தில் இருவர் பெயர் கொடுத்தால், முதலில் கொடுத்தவரை முன்வைத்தது' என்பது போல் காரணம் விளங்க எழுதுதல் வேண்டும். கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுவோர்க்கு ஒரு செய்தி: தொடக்க அமைப்பில் 'கிட் ஸ்டேட்டஸ்' தமிழ்ப் பெயர்களைப் புரியாத எண் வரிசைகளாகக் காட்டும். 'கோர் டாட் கோட்பாத்' என்னும் அமைப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றினால் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே தோன்றும்.

ஒரு கணினி, பல கைகள்

பொதுக் கணினியில் வேலை செய்யும் குழுக்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பெயரைக் குறிக்கும்போது 'குளோபல்' என்னும் சொல்லைச் சேர்த்துவிட்டால், அக்கணக்கில் நுழைந்து செய்யும் எல்லாப் பதிவுகளும் அவ்வொருவர் பெயரிலேயே ஏறிவிடும். முதல் நாள் பெயரைக் குறித்த மாணவியே அனைத்தையும் செய்தவளாகவும், ஏனையோர் ஒன்றும் செய்யாதவராகவும் வரலாறு காட்டும். பரிசுக்கோ மேற்படிப்புக்கோ தம் உழைப்பைச் சான்றாகக் காட்ட வேண்டிய நாளில், இப்பிழை சிறியதாக இராது.

இதனைத் தவிர்க்க மூன்று வழிகள் உள. ஒவ்வொருவர்க்கும் தனிக் கோப்புறை இருக்குமாயின், 'குளோபல்' என்ற சொல்லின்றி அக்கோப்புறைக்குள் மட்டும் பெயரைக் குறிக்கலாம். ஒரே கோப்புறையாயின், பதிவு செய்யும்போது 'ஆத்தர்' என்னும் இணைப்பால் எழுதியவர் பெயரைத் தரலாம். இருவர் சேர்ந்தமர்ந்து எழுதியதாயின், குறிப்பின் இறுதியில் 'கோ ஆத்தர்ட் பை' என்னும் வரியில் மற்றவர் பெயரையும் சேர்க்கலாம். 'கிட்ஹப்' போன்ற தளங்கள் அவ்வரியை உணர்ந்து இருவர் பெயரையும் காட்டுகின்றன.

கட்டைகளால் அமைத்த நிரல்கள்

'ஆப் இன்வென்டர்' கொண்டு கற்போர்க்குக் 'கிட்' நேரே முழுப் பயன் தாராது. அக்கருவியிலிருந்து வெளியே எடுக்கும் 'ஏ.ஐ.ஏ.' கோப்பு, பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு பொதி. அப்பொதியைக் 'கிட்' சேமித்து வைக்கும். ஆனால் உள்ளே எந்தக் கட்டை மாறிற்று என்பதை வரிவரியாகக் காட்ட இயலாது. எனினும் அக்கருவியிலேயே 'செக்பாயிண்ட்' என்னும் வசதி உண்டு. அதனை அழுத்தினால் அந்நேரத்து நிலை வேறு பெயரில் படியாக வைக்கப்படும்; மாணவர் மூலத்திலேயே தொடர்ந்து உழைக்கலாம். ஒவ்வொரு பாட நேரத்தின் இறுதியிலும் இதனைச் செய்து, என்ன மாற்றினர், ஏன் மாற்றினர் என்பதை ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதுமாறு பழக்கினால், பதிப்புக் கட்டுப்பாட்டின் கருத்து மனத்தில் பதிந்துவிடும். பின்னர்ப் பைத்தான் போன்ற எழுத்துவழி மொழிக்கு வரும்போது 'கிட்' அயலாகத் தோன்றாது.

காவாதவை இரண்டு

'கிட்' எல்லா இழப்புகளிலிருந்தும் காப்பதன்று. களஞ்சியம் கணினியின் உள்ளேயே இருப்பதால், கணினி கெட்டால் களஞ்சியமும் கெடும். 2005 ஜூலை 26-ஆம் நாள் மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, நகரின் தாழ்ந்த பகுதிகள் நீரில் மூழ்கின. தரைத்தளத்தில் இருக்கும் கணினிக்கு அத்தகைய நாளில் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் இரண்டாவது களஞ்சியம் வேறோர் இடத்தில் இருத்தல் இன்றியமையாதது. இணையத் தளத்தில் வைக்க இயலாவிடில், பென் டிரைவில் 'பேர்' வகைக் களஞ்சியம் ஒன்றை அமைத்து, வாரந்தோறும் 'கிட் புஷ்' கட்டளையால் பதிவுகளை அதில் சேர்த்து, ஆசிரியர் தம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, இரகசியம். களஞ்சியத்தில் ஏறியது எளிதில் நீங்காது. அவசரச் செய்தி அனுப்பும் செயலியைச் சோதிக்கும் மாணவி, தன் தாயின் தொலைபேசி எண்ணை நிரலில் எழுதிப் பதிவு செய்துவிடலாம். மறுநாள் அவ்வரியை நீக்கினாலும், முந்தைய பதிவில் அது நிலைத்திருக்கும். களஞ்சியத்தை வெளியிட்டால் உலகோர் யாவரும் அதனைப் படிக்கலாம். கடவுச்சொற்களுக்கும் இது பொருந்தும். பெண்களின் பாதுகாப்புக்கென இயற்றிய செயலியே அவர்களுக்குத் தீங்கு விளைக்கும் நிலை வரலாகாது. இத்தகைய விவரங்களைத் தனிக் கோப்பில் வைத்து, அக்கோப்பின் பெயரைக் 'கிட்இக்னோர்' என்னும் கோப்பில் முதலிலேயே எழுதிவிட்டால், 'கிட் ஆட்' அதனைப் பதிவுக்கு எடுத்துக்கொள்ளாது.

கற்பிக்கும் முறை

தாராவிக்குச் சில மைல் தொலைவில், பவாய் என்னுமிடத்தில் உள்ள மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், மத்தியக் கல்வித் துறையின் ஆதரவுடன் 'ஸ்போக்கன் டுடோரியல்' என்னும் திட்டத்தை உருவாக்கியது. பெரும்பாலும் பத்து நிமிட அளவிலான இக்குரல் பாடங்கள் தாமே கற்போர்க்கென அமைந்தவை. தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் வழங்குபவை. அவற்றுள் 'கிட்' பற்றிய பாட வரிசையும் ஒன்று. பாடத்தைக் கேட்டுக்கொண்டே அதில் கண்டதைக் கணினியில் செய்து பார்ப்பது அதன் முறை.

வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், கட்டளைகள் அனைத்தையும் ஒரே நாளில் சொல்ல முற்படலாகாது. முதல் நாளில் ஒரே கோப்பு, மூன்று பதிவுகள், 'கிட் லாக்' ஆகியவை போதும். இரண்டாம் நாளில் ஒவ்வொரு மாணவரும் தம் கோப்பை வேண்டுமென்றே கெடுத்து, 'கிட் ரிஸ்டோர்' கொண்டு மீட்குமாறு செய்வது சிறந்த பயிற்சி. கெட்டது கண்ணெதிரே மீள்வதைக் கண்டவர் மீண்டும் அஞ்சார். மூன்றாம் நாளில் ஒருவர் எழுதிய குறிப்புகளை மற்றொருவர் படித்து, நிரலைப் பாராமலே என்ன நிகழ்ந்தது என்று சொல்லட்டும். குறிப்பு நன்றாக அமைந்ததா என்பது அப்போது விளங்கும். கிளைகளும் இணைத்தலும் அதன் பின் வரலாம்.

கள ஊழியர்க்கும் இது பயன்படும். கணக்கெடுப்புப் பட்டியல்களையும் வினா வரிசைகளையும் எளிய எழுத்துக் கோப்புகளாக வைப்போர், எந்த வினா எந்நாளில் மாற்றப்பட்டது என்பதைக் 'கிட்' கொண்டே காட்டலாம்.

நான்கு மாணவியர் ஒரே கணினியில் அமைத்த தண்ணீர் வரிசைச் செயலி அடுத்த ஆண்டில் வேறு மாணவியர் கைக்கு வரலாம். அப்போது அவர்கள் பெறுவது வெறும் நிரலாயின், ஒவ்வொரு வரியும் ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்பதைத் தொடக்கத்திலிருந்தே தேட வேண்டும். நாளேட்டுடன் பெறின், முன்னவர் செய்த பிழைகளும் அவற்றைத் தீர்த்த வழிகளும் உடன் கிடைக்கும். முன்னோர் விட்ட இடத்திலிருந்து பின்னோர் தொடங்குவதற்கு வேண்டுவது இவ்வளவே: ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து எழுமுன் ஒரு பதிவு, அதற்கு ஒரு வரிக் காரணம்.